புளோரிடாக் கடலில் ஈட்டி மீன்பிடிப்பு: எந்த இடத்தில் எந்தக் கருவி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தூண்டிலில் தவறான மீன் மாட்டினால் கொக்கியைக் கழற்றிக் கடலிலேயே விட்டுவிடலாம். ஈட்டியில் அதற்கு வழியில்லை. தண்டு உடம்பைத் துளைத்துவிட்டால் அந்த மீன் அளவு குறைந்ததாக இருந்தாலும், பிடிக்கக் கூடாத இனமாக இருந்தாலும், பருவம் தவறியதாக இருந்தாலும் செத்த மீன்தான். அதனால் புளோரிடா மாநில விதிகளை மீன் கையில் வந்தபிறகு புரட்டிப் பயனில்லை. தண்ணீரில் இறங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கடைக்குப் போய் ஒரு ஸ்பியர்கன், அதாவது ரப்பரை இழுத்து மாட்டி ஏற்றி, ட்ரிகரை அழுத்தினால் ஈட்டித் தண்டைப் பாய்ச்சும் துப்பாக்கி, வாங்கிவிட்டு, அதை எங்கே கொண்டுபோகலாம் என்று தேடுகிறார்கள். இது தலைகீழ். முதலில் எந்தக் கடலில் இறங்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். எந்தக் கருவி செல்லும், எது செல்லாது என்பதை அந்த இடம்தான் தீர்மானிக்கிறது. ஒரே ஸ்பியர்கன் ஒரு கடற்கரையில் முழுக்கச் சட்டப்படியானது. அங்கிருந்து அரைமணி நேரக் கார்ப் பயணத்தில், அதைக் கையில் வைத்திருப்பதே குற்றமாகிற நீர்நிலையும் உண்டு.

சட்டத்தின் சொற்கள்

புளோரிடாவில் இதை நிர்வகிப்பது மாநில மீன், வனவிலங்கு பாதுகாப்பு ஆணையம். எல்லோரும் சுருக்கமாக எஃப்.டபிள்யூ.சி. என்கிறார்கள். அதன் விதிகளின்படி, நீரின் மேற்பரப்பிலோ அடியிலோ நீந்தும் ஒருவர் கையாலோ இயந்திர விசையாலோ செலுத்தும் ஈட்டியால் மீன் பிடிப்பதுதான் ஈட்டி மீன்பிடிப்பு. முனை ஒன்றா பலவா, எதிர்முள் உண்டா இல்லையா என்பதெல்லாம் பொருட்டில்லை. ஆகவே, விசை இல்லாத வெறும் கம்பு ஈட்டிதானே, அதற்கு விதி பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். நீந்திக்கொண்டு குத்தினால் எல்லாம் ஒன்றுதான். படகில் நின்று அம்பு எய்வதும், ஆழமில்லாத நீரில் நடந்துகொண்டு குத்துவதும் இதில் சேராது. அவற்றுக்கு வேறு பெயர் இருக்கிறது. ஆனால் ஈட்டியால் குத்தவே கூடாது என்ற மீன்களின் பட்டியல் அவற்றையும் கட்டுப்படுத்தும்.

மாநில நீர் அட்லாண்டிக் பக்கம் கரையிலிருந்து 3 கடல் மைல், மெக்சிகோ வளைகுடாப் பக்கம் 9 கடல் மைல். அதற்கு அப்பால் ஒன்றிய அரசின் விதிகள். புதியவர்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையே இல்லை.

முதல் படி: இடத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்

நன்னீரில் கடல்மீனை ஈட்டியால் பிடிக்கக் கூடாது. நன்னீரில் ஸ்பியர்கன் வைத்திருப்பதும் கூடாது. பயன்படுத்தாமல் படகில் சும்மா கிடந்தாலும் குற்றமே. புளோரிடாவில் கண்ணாடி போன்ற ஊற்றுகள் ஏராளம். காலையில் கடல், மாலையில் ஊற்றில் குளியல் என்று குடும்பத்தோடு திட்டம் போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். ஸ்பியர்கன்னைப் பூட்டிய காரிலேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போங்கள்.

அடுத்து தூரங்கள். பொதுக் குளியல் கடற்கரை, மீன்பிடி மேடை, மக்கள் நின்று தூண்டில் போட அனுமதியுள்ள பாலத்தின் எந்தப் பகுதி, இவற்றிலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், ஈட்டி மீன்பிடிப்பு கூடாது. கல் கொட்டிக் கட்டிய அலைதடுப்புச் சுவர் என்றால், நீருக்கு மேலே தெரியும் பகுதியிலிருந்து 100 அடிக்குள், அதாவது சுமார் 30 மீட்டருக்குள் கூடாது. கரையிலிருந்து 1,500 கஜத்துக்கு மேல் நீளும் சுவராக இருந்தால் அதன் கடைசி 500 கஜத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒன்று கஜம், மற்றது அடி என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு மேடைக்கு 100 அடி தள்ளி இறங்குபவர்கள் நிறைய. அங்கே இன்னும் 200 அடி தள்ளிப் போயிருக்க வேண்டும்.

நீரில் மிதந்தபடி 91 மீட்டரைக் கண்ணால் அளக்க முடியாது. மேடை எப்போதும் தூரத்தில் இருப்பது போலத்தான் தோன்றும். முந்தின இரவே கைபேசி வரைபடத்தின் தூர அளவுகோலை எடுத்து, மேடையின் முனையிலிருந்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு முடியும் இடத்துக்கு நேராகக் கரையில் என்ன இருக்கிறது என்று குறியுங்கள்: ஒரு தண்ணீர்த் தொட்டி, நீலக் கூரை, மூன்றாவது உயிர்காப்பாளர் கோபுரம். அந்த அடையாளத்தைத் தாண்டாமல் ரப்பரை இழுக்க வேண்டாம். குளியல் கடற்கரையிலிருந்து நீந்திப் போகிறவர்களுக்கும் இதே முறைதான். கருவி ஏற்றப்படாமல் கையில் இருக்கட்டும். 100 கஜம் கடந்து, சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்தபிறகே ஏற்றுங்கள்.

மாநிலப் பூங்காக்களின் நீரிலும் ஈட்டி மீன்பிடிப்பு இல்லை. கீ லார்கோவில் 1963-இல் திறந்த ஜான் பென்னிகாம்ப் பவளப்பாறைப் பூங்கா இதில் முக்கியமானது. பூங்கா நீரைக் கடந்து செல்லலாம். ஆனால் கருவி இறக்கப்பட்டு முறையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும். இதற்கு நடைமுறையில் பாதுகாப்பான பொருள் இதுதான்: ரப்பர்கள் கழற்றப்பட்டு, தண்டு வெளியே எடுக்கப்பட்டு, எல்லாம் பையிலோ பெட்டியிலோ மூடியிருக்க வேண்டும். ரப்பரை மட்டும் தளர்த்திவிட்டுத் தண்டோடு படகுத் தளத்தில் சாய்த்து வைத்தால், அதிகாரியின் கண்ணுக்கு அது தயாராக இருக்கும் கருவிதான்.

புளோரிடா கீஸ் தீவுக்கூட்டம் எல்லோரும் ஆசைப்படும் இடம். சட்டச் சிக்கலும் அங்கேதான் அதிகம். மன்ரோ மாவட்டத்தில் லாங் கீ தீவிலிருந்து வடக்கே டேட் மாவட்ட எல்லை வரை மாநில நீரில் ஈட்டி மீன்பிடிப்பு தடை. அதாவது கீ லார்கோ, இஸ்லாமொராடா இரண்டும் போயிற்று. தெற்கே மாரத்தான், கீ வெஸ்ட் பக்கம் திறந்திருக்கிறது. ஆனால் தேசியக் கடல் சரணாலயத்தின் பாதுகாப்பு வளையங்கள் இடையிடையே வருகின்றன. அவற்றின் எல்லையை மஞ்சள் மிதவைகள் காட்டும். மஞ்சள் மிதவையைக் கண்டால் ஈட்டி பையில் இருக்க வேண்டும். எவர்கிளேட்ஸ், ட்ரை டார்டுகாஸ் ஆகிய இரண்டு தேசியப் பூங்காக்களிலும் முழுத் தடை.

மயாமிக்குத் தெற்கே உள்ள பிஸ்கேன் தேசியப் பூங்காவின் விதி தனி ரகம். 2020 முதல் அங்கே ட்ரிகர் உள்ள கருவி செல்லாது. காற்று உருளையோ வேறு காற்றுக் குழாயோ வைத்துக்கொண்டு ஈட்டி எறியவும் கூடாது. மூச்சடக்கி மூழ்கி, ட்ரிகர் இல்லாத கம்பு ஈட்டியாலோ ஹவாயன் ஸ்லிங்காலோ பிடிக்கலாம் (இரண்டையும் அடுத்த படியில் விளக்குகிறோம்). நல்ல விதி என்றே சொல்வோம். மீனுக்கு ஓடித் தப்ப ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது, பழகுபவருக்கும் கை படிகிறது.

இரண்டாம் படி: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வகை உண்டு. கம்பு ஈட்டி என்பது பின்முனையில் ரப்பர் வளையம் கட்டிய நீளத் தடி. வளையத்தைக் கட்டைவிரல் இடுக்கில் மாட்டி, தடியை முன்னால் ஏறிப் பிடித்து, பிடியைத் தளர்த்தினால் பாயும். ஹவாயன் ஸ்லிங் கவண் போல. ஒரு மரக்குழலுக்குள் தண்டைச் செருகி ரப்பரை இழுத்து விட வேண்டும். தண்டு கையை விட்டுப் பறந்துவிடும், கயிறும் கிடையாது. மூன்றாவது ஸ்பியர்கன். ட்ரிகர் உண்டு, தண்டைக் கயிறு கட்டிப் பிடித்திருக்கும்.

முதல் பருவத்துக்கு 6 அல்லது 7 அடிக் கம்பு ஈட்டி, முனையில் மூன்று கூர் கொண்ட தலை. இதுவே போதும். முனையிலிருந்து ஒரு மீட்டருக்குள் மீன் வந்தால்தான் பயன் என்பதால், நெருங்கிப் போகப் பழகுவீர்கள். நெருங்கினால் இனமும் அளவும் தெளிவாகத் தெரியும். புதியவர்கள் செய்யும் சட்டமீறல்களில் பெரும்பாலானவை தூரத்திலிருந்து அவசரப்பட்டு அழுத்திய ட்ரிகரால் வருபவை.

பிறகு ஸ்பியர்கன் வாங்கினால் 90 செ.மீ. அளவு, 7 மி.மீ. தண்டு, 14 அல்லது 16 மி.மீ. தடிமனுள்ள ரப்பர். கலங்கிய உள்கடலுக்கு 75 செ.மீ. போதும். நீளம் கூடினால் நல்லது என்று 120 வாங்காதீர்கள். பாறைப் பொந்துக்குள் திருப்ப முடியாது. மூன்று மீட்டர்தான் கண் எட்டும் நீரில் நான்கு மீட்டர் பாயும் தண்டு, மீனைத் தாண்டி யார் மீது போகும் என்று உங்களுக்கே தெரியாது.

வாங்கக் கூடாததையும் சொல்லிவிடுகிறோம். முனையில் வெடிப்பொதி வைத்து, பட்டவுடன் வெடிக்கும் தலைக்குப் பவர்ஹெட் அல்லது பேங்ஸ்டிக் என்று பெயர். மாநில நீரில் அதைக் கொண்டு மீன் பிடிக்கக் கூடாது. வெளிவிடும் மூச்சையே சுத்திகரித்துத் திரும்பத் தரும் ரீபிரீதர் கருவி அணிந்துகொண்டு ஈட்டி எறிவதும் தடை. சாதாரண ஸ்கூபா உருளைக்கு மாநில அளவில் தடை இல்லை. இணையத்தில் படிக்கும்போது கவனம்: ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஸ்கூபாவோடு ஈட்டி எறியக் கூடாது. அந்த ஊர்க் குறிப்பைப் படித்துவிட்டு இந்த ஊர்க் கடலில் இறங்குபவர்களும், இந்த ஊர் வழக்கத்தை அங்கே கொண்டுபோய் மாட்டுபவர்களும் உண்டு.

விமானத்தில் வருபவர்களுக்கு ஒரு வரி: ஸ்பியர்கன் கைப்பையில் செல்லாது. பதிவு செய்யும் பெட்டியில் வைக்கலாம். கூர்முனையைக் கழற்றித் தனியாகச் சுற்றி வையுங்கள்.

மூன்றாம் படி: உரிமம்

கடல்மீன் உரிமம் வேண்டும். ஈட்டிக்கென்று தனி உரிமம் இல்லை. புளோரிடாவாசிக்கு ஆண்டுக்கு 17 டாலர். வெளிமாநிலத்தார், வெளிநாட்டாருக்கு 3 நாளுக்கு 17, 7 நாளுக்கு 30, ஆண்டுக்கு 47 டாலர். ஆணையத்தின் இணையதளத்திலோ கைபேசிச் செயலியிலோ வாங்கலாம். சிறு சேவைக் கட்டணம் கூடும். புளோரிடா ஓட்டுநர் உரிமம் இருந்தால் புளோரிடாவாசி என்று கொள்வார்கள். குடியுரிமை கேள்வியில்லை. கரையில் நின்று தூண்டில் போடும் புளோரிடாவாசிகளுக்கு ஓர் இலவச உரிமம் உண்டு. நீந்தி வேட்டையாடுபவர் அதை நம்பாமல் 17 டாலர் உரிமத்தையே எடுக்க வேண்டும்.

16 வயதுக்குக் கீழே யாருக்கும் உரிமம் வேண்டாம். 65 வயதுக்கு மேல் விலக்கு, ஆனால் புளோரிடாவாசிகளுக்கு மட்டும். ஜாக்சன்வில்லிலோ டாம்பாவிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து வரும் அப்பாவுக்கு 70 வயது என்றாலும், அவர் ஈட்டியோடு இறங்கினால் 3 நாள் உரிமம் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

சொந்தப் படகிலோ நண்பர் படகிலோ போய் பாறை மீன் பிடிப்பவர்களுக்கு இன்னொரு பதிவு உண்டு: மாநிலப் பாறைமீன் பிடிப்பாளர் பதிவு. கட்டணம் இல்லை, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஹாக்ஃபிஷ், மட்டன் ஸ்னாப்பர், ரெட் குரூப்பர் போன்ற இனங்களுக்கு இது கட்டாயம். காசில்லாததாலேயே மறந்துபோகிறது. உரிமம் வாங்கும்போதே இந்தப் பெட்டியிலும் குறியிட்டுவிடுங்கள்.

சிங்கமீனுக்கு மட்டும் சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. இந்தோ-பசிபிக் கடலுக்குரிய இந்த வரிக்குதிரைக் கோலமுள்ள மீன் 1985-இல் புளோரிடாவின் டானியா கடற்கரை அருகே முதலில் தென்பட்டது. இப்போது அங்குள்ள பாறைமீன் குஞ்சுகளைத் தின்றே பெருகிவிட்டது. அதற்கு அளவு வரம்பு இல்லை, எண்ணிக்கை வரம்பு இல்லை, பருவம் இல்லை. கம்பு ஈட்டி, ஹவாயன் ஸ்லிங், கைவலை, அல்லது சிங்கமீனுக்கென்றே செய்து விற்கப்படும் ஈட்டி, இவற்றால் பிடித்தால் உரிமமும் வேண்டாம். ஸ்பியர்கன்னால் பிடித்தால் உரிமம் வேண்டும். அதே மீன்தான், கையில் உள்ள கருவி மாறியதும் சட்டமும் மாறுகிறது. ரீபிரீதர் தடையும் சிங்கமீனுக்குத் தளர்ந்திருக்கிறது. ஆனால் ஈட்டி தடைசெய்யப்பட்ட இடம் சிங்கமீனுக்கும் தடைதான். அங்கே குத்தத் தனி அனுமதி பெற வேண்டும்.

புதியவர் தொடங்க இதைவிடச் சிறந்த மீன் இல்லை. ஓடாது, அப்படியே மிதந்து நிற்கும். ஆனால் முதுகில் 13, வயிற்றில் 2, குதத்துடுப்பில் 3 என 18 நச்சு முட்கள். கையால் தொடாமல் ஈட்டியோடு சேர்த்து, புனல்வாய் உள்ள கெட்டியான பிளாஸ்டிக் குழாய்க் கொள்கலனுக்குள் தள்ளி இழுத்துக்கொள்ள வேண்டும். துணிப்பையில் போட்டால் முள் துணியைத் தாண்டித் தொடையில் ஏறும். குத்திவிட்டால் நீரை விட்டு வெளியேறி, தோல் பொறுக்கும் அளவு சூடான நீரில், சுமார் 45 டிகிரி, அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் அந்த இடத்தை அமிழ்த்தி வையுங்கள். மூச்சு முட்டினால், முகம் வீங்கினால் நேராக மருத்துவமனை.

நான்காம் படி: கொடி

நீரில் ஆள் இருக்கும்போது கொடி பறக்க வேண்டும். சிவப்புக் கொடி, குறுக்கே வெள்ளைப் பட்டை. படகில் என்றால் குறைந்தது 20க்கு 24 அங்குலம், எல்லாத் திசையிலிருந்தும் தெரியும்படி உயரத்தில். காற்றில்லாதபோதும் சுருங்காமல் விரிந்து நிற்க உள்ளே கம்பி வேண்டும். நீங்கள் இழுத்துச் செல்லும் மிதவையில் என்றால் 12க்கு 12 அங்குலம் போதும். திறந்த கடலில் கொடியிலிருந்து 300 அடிக்குள்ளும், ஆறு, கழிமுகம், கப்பல் வழியில் 100 அடிக்குள்ளும் இருக்க முயல வேண்டும். அந்த வட்டத்துக்குள் வரும் படகு தவழும் வேகத்தில்தான் வர வேண்டும். எல்லோரும் ஏறியதும் கொடியை இறக்கிவிடுங்கள். ஆளில்லாமல் கொடி பறப்பதும் விதிமீறல். அதற்கு நியாயம் இருக்கிறது. எந்நேரமும் பறக்கும் கொடியை யாரும் மதிக்கமாட்டார்கள்.

பெரிய கொடி படகில் இருந்தாலும் ஆளுக்கொரு மிதவை இழுப்பது நல்லது. மீனைத் தேடிப் போகையில் 300 அடி கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும். மிதவைக்கும் உங்களுக்கும் இடையே 15 முதல் 20 மீட்டர் கயிறு. பிடித்த மீனை இடுப்பில் கட்டாமல் மிதவையில் கோர்த்துவிடுங்கள். ரத்தம் தேடி வரும் சுறா மிதவைக்குப் போகட்டும்.

ஐந்தாம் படி: எந்த மீன், எவ்வளவு நீளம்

ஈட்டியால் தொடவே கூடாதவை: சுறா அனைத்தும், மான்டா திருக்கை, புள்ளிக் கழுகுத் திருக்கை, கூர்மூக்கு மயில்மீன் வகைகள், டார்பன், போன்ஃபிஷ், ஸ்னூக், ரெட் டிரம், ஸ்பாட்டட் சீட்ரவுட், வீக்ஃபிஷ், பாம்பனோ, ஆப்பிரிக்கப் பாம்பனோ, பெர்மிட், ட்ரிப்பிள்டெயில், ஸ்டர்ஜன், கோலியாத் குரூப்பர், நாசோ குரூப்பர். ஸ்டோன் கிராப், நீல நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றையும் குத்தக் கூடாது. இதோடு பாறையின் அலங்கார மீன்கள்: ஏஞ்சல், வண்ணத்துப்பூச்சி மீன், சர்ஜன், டேம்சல், முள்ளம்பேத்தை, பேத்தை, கடற்குதிரை, கிளிமீன், கிளாத்தி வகைகள். கிளாத்தியில் கிரே, ஓஷன் என்ற இரண்டுக்கு மட்டும் விலக்கு.

கிளிமீனைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. நம் கடலோர ஊர்களில் அது சந்தைக்கு வரும் மீன். கண்டவுடன் குழம்பு நினைவுக்கு வரும். புளோரிடாவில் அதைக் குத்தினால் குற்றம். சிங்கி இறாலைப் பொறுத்தவரை, ஓட்டைத் துளைக்கும் எந்தக் கருவியும் ஆகாது. கையுறையும் வலையும்தான். பொந்தில் சிங்கி தெரிந்து அதைப் பிடிக்க நினைத்தால் ஈட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை நீட்டுங்கள். அதற்குத் தனியாக 5 டாலர் அனுமதியும் வேண்டும்.

பிடிக்கக்கூடியவற்றில் புதியவருக்கு ஏற்றவை மூன்று. ஷீப்ஸ்ஹெட், குறைந்தது 12 அங்குலம், நாளுக்கு 8. கிரே ஸ்னாப்பர், 10 அங்குலம், நாளுக்கு 5. ஹாக்ஃபிஷ், இதற்குக் கணக்கு இடத்தைப் பொறுத்தது. வளைகுடாப் பக்கம் 14 அங்குலம், நாளுக்கு 5, ஆண்டு முழுவதும். அட்லாண்டிக் பக்கமும் கீஸும் 16 அங்குலம், நாளுக்கு ஒன்றே ஒன்று, மே 1 முதல் அக்டோபர் 31 வரை மட்டும். கீஸில் வளைகுடாவைப் பார்த்த கரையில் இறங்கினாலும் அட்லாண்டிக் விதிதான். எல்லை புளோரிடா நிலப்பரப்பின் தென்மேற்கு முனையான கேப் சேபிள் அருகே போகிறது, தீவின் நடுவே அல்ல. இந்த எண்கள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுபவை. கிளம்பும் காலையில் ஆணையத்தின் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஹாக்ஃபிஷுக்கும் ஷீப்ஸ்ஹெட்டுக்கும் நீளம் என்பது மூடிய வாய்முனையிலிருந்து வால்பிளவின் நடுப்பள்ளம் வரை. ஸ்னாப்பருக்கு வாலின் இரு முனைகளையும் சேர்த்து அழுத்தி, நுனி வரை. நாடாவை உடம்பின் வளைவோடு ஒட்டி எடுத்தால் அளவு கூடிக் காட்டும். தட்டையான அளவுப்பலகையில் மீனைக் கிடத்தி நேர்க்கோட்டில் பாருங்கள்.

இப்போது மிக முக்கியமான விஷயம். முகக்கண்ணாடி வழியே நீருக்கடியில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கணக்குப் போடுங்கள்: 12 அங்குல ஹாக்ஃபிஷ் 16 அங்குலமாகத் தோன்றும். சரியாகச் சட்ட அளவு! அதுவும் ஹாக்ஃபிஷ் ஆளைக் கண்டால் பக்கவாட்டில் திரும்பி, முதுகுமுள்ளை நிமிர்த்தி நின்று பார்க்கும். உடம்பு இன்னும் பெருத்துத் தெரியும். இதற்கு மருந்து, தண்டிலோ கன் உடம்பிலோ 10, 12, 14, 16 அங்குலங்களில் பளிச்சென்ற நாடா சுற்றி வைப்பது. மீனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீனைவிடக் கருவி உங்களுக்குப் பக்கத்தில் இருப்பதால், ஒப்பீட்டில் மீன் சற்றுச் சிறியதாகவே தெரியும். பிழை வந்தாலும் பாதுகாப்பான பக்கம் வரும். ஒப்பிடும் நேரத்தில் விரல் ட்ரிகரில் இருக்கக் கூடாது. அப்போதும் சந்தேகமா? விட்டுவிடுங்கள். ஹாக்ஃபிஷ் எல்லாம் பெண்ணாகப் பிறந்து, பெரிதான பிறகே ஆணாக மாறுபவை. ஒரு பாறைத் திட்டில் ஒரு பெரிய ஆண் பல பெண்களோடு வாழும். கண்ணில் பட்ட மிகப் பெரியதைத்தான் எடுப்பேன் என்ற ஆசையும் அந்தத் திட்டைக் குலைக்கும். அளவு தாண்டிய நடுத்தரமானதே போதும்.

ஆறாம் படி: ஏற்றுவதும் இறக்குவதும்

ஸ்பியர்கன்னைத் தண்ணீரில் மட்டுமே ஏற்ற வேண்டும், தண்ணீரிலேயே இறக்க வேண்டும். படகில் ஒருமுறை சும்மா இழுத்துப் பார்க்கிறேன் என்பது கூடாது. நீரின் தடை இல்லாத இடத்தில் தண்டு பாய்ந்து கயிற்றின் முடிவில் திரும்பி எய்தவர் மேலேயே வரும்.

முதலில் தண்டைப் பின்பக்கம் தள்ளுங்கள், உள்ளே கிளிக் என்று மாட்டும். முன்னால் இழுத்துப் பார்த்து, அசையவில்லை என்று உறுதி செய்த பிறகே ரப்பரைத் தொடுங்கள். பாதி மாட்டிய தண்டு ரப்பர் ஏறும்போதே விடுபடும். அடிக்கட்டையை மார்பிலோ இடுப்பிலோ ஊன்றி, இரண்டு கைகளாலும் சமமாக இழுத்துக் கொக்கியில் மாட்டுங்கள். ஒரு கை முந்தினால் கொக்கி நழுவி விரலை வெட்டும். ஆகவே கையுறை அணிந்துகொள்ளுங்கள். பாதுகாப்புப் பூட்டை நம்பாதீர்கள். உப்பும் மணலும் சேர்ந்து அது வேலை செய்யாமல் போகும். முனை எப்போதும் ஆளில்லாத திசையைப் பார்க்கட்டும்.

ரப்பரில் வெயிலால் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். ரப்பரின் நடுவில் உள்ள நூல் வளையம் பிசிறடித்தாலும் அப்படியே. அறுந்தால் முகக்கண்ணாடிக்குத்தான் வரும்.

மூச்சடக்கி மூழ்கினால் இருவராகவே போங்கள். ஒருவர் கீழே, மற்றவர் மேலே மிதந்து பார்த்தபடி. கீழே இருந்த நேரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு மேலே ஓய்வு. மூழ்கும் முன் வேகவேகமாக மூச்சிழுப்பது ஆபத்து. மூச்சுத் திணறலை உணர்த்தும் கரியமில வாயு குறைந்துவிடுகிறது, ஆக்சிஜன் கூடுவதில்லை. எச்சரிக்கையே இல்லாமல் மேற்பரப்புக்கு ஓரிரு மீட்டர் கீழே நினைவு தப்பும். பெரும்பாலும் மீன் விழுந்த மகிழ்ச்சியில் கூடுதலாகப் பத்து வினாடி தங்கியவர்களுக்குத்தான் இது நேர்கிறது.

ஏழாம் படி: படகும் கரையும்

படகுக்குத் திரும்பியதும் நீரிலிருந்தபடியே ரப்பர்களைக் கழற்றுங்கள். கருவியை அடிக்கட்டை முன்னால் போகும்படி மேலே கொடுங்கள். முனை கடலைப் பார்க்கட்டும். மேலே வாங்குபவர் தண்டை உருவி, கூருக்கு உறை போட்டு, உள்ளே வைக்க வேண்டும்.

மீனை உடனே அளந்து பனிக்கட்டியில் வையுங்கள். குடலும் செவுளும் எடுக்கலாம். ஆனால் பாறைமீனின் தலை, வால், துடுப்பு கரை சேரும் வரை இருக்க வேண்டும். படகிலேயே துண்டு போட்டுவிட்டால் இனமும் நீளமும் நிரூபிக்க முடியாது. அளவு, எண்ணிக்கை, பருவம் ஆகியவற்றை மீறுவது பெரும்பாலும் இரண்டாம் நிலைக் குற்றமாகப் பதியப்படும்: 500 டாலர் வரை அபராதம், 60 நாள் வரை சிறை. விசாவில் இருப்பவர்கள் இதைப் போக்குவரத்து அபராதம் போல எடுத்துக்கொள்ள வேண்டாம். இது குற்றவியல் பதிவு.

அதிகாரி படகை நிறுத்தினால் இன்ஜினை அணைத்து, கைகள் தெரியும்படி நில்லுங்கள். கருவிப் பை எங்கே, பனிப்பெட்டி எங்கே என்று சொல்லுங்கள். அவர் கேட்பதற்கு முன் ஸ்பியர்கன்னைக் கையில் எடுத்துக் காட்டாதீர்கள். உரிமத்தின் படத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி கைபேசியில் சேமித்து வையுங்கள். கரையை விட்டுத் தள்ளிப் போனால் சிக்னல் இல்லாமல் போகலாம். அளவுப்பலகை மீன்களின் மேலேயே கிடக்கட்டும், அவரே எடுத்து அளந்துகொள்வார்.